வாளி மணலும் வளைத்த ஆணியும்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் பாதி, பூசணி பாதி. வாசலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே ஆரஞ்சு நிறப் பூசணிகளைக் கொலுவைத்துவிடுவார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, பெற்றோர் ஆசிரியர் சங்கம் 'ஃபால் ஃபெஸ்டிவல்' நடத்தும். முகத்தில் வண்ணம் தீட்டுவது, வளையம் எறிவது, பாட்டு நிற்கிற இடத்தில் கேக் பரிசு என்று நமக்கும் பழகிய பள்ளிச் சந்தைதான். டிக்கெட் கிழித்து வரும் காசு, நூலகத்துக்குப் புத்தகமாகவோ திடலுக்கு ஊஞ்சலாகவோ மாறும்.

இந்த விழாவுக்குத் தன்னார்வலர் பட்டியல் ஒன்று சுற்றுக்கு வரும். எலுமிச்சைச் சாறு கடைக்கு யார், டிக்கெட் மேசைக்கு யார் என்று அம்மாக்கள் பெயர் கொடுத்து முடித்தபிறகு, யாராவது ஒரு அப்பா 'பூசணி எறிய நான் ஒரு கேட்டபுல்ட் (கவண்பொறி) செய்துகொண்டு வருகிறேன்' என்று எழுதிவிடுவார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது.

இந்த ஆசைக்கு ஊற்று டெலவேர் மாநிலத்தில் இருக்கிறது. சின்னஞ்சிறு மாநிலம். அங்கே சஸெக்ஸ் கவுண்டியில் 1986இல் சில நண்பர்கள் 'யார் பூசணியை அதிக தூரம் எறிவது' என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பந்தயம் 'பங்கின் சங்கின்' என்ற பெயரில் உலகப் போட்டியாகவே வளர்ந்தது. ஹாலோவீன் முடிந்த கையோடு, நவம்பர் தொடக்கத்தில் அறுவடையான வயலில் நடந்துவந்தது. பூசணி 8 முதல் 10 பவுண்டு வரை இருக்க வேண்டும். தரையைத் தொடும்வரை முழுசாக இருக்க வேண்டும். நடுவானில் சிதறிவிட்டால் அந்த எறிதல் கணக்கில் சேராது. அதற்குப் 'பை' என்று பெயர். பூசணிப் பை அவர்களுடைய பண்டிகைப் பலகாரம், அதில் ஒரு கேலி. 2013இல் காற்றழுத்தப் பீரங்கி ஒன்று 4,694 அடி தூரம் எறிந்தது. அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்த 'யாங்கி சீஜ்' என்ற மர இயந்திரம் 2,835 அடி எறிந்தது. பீரங்கியின் எண் பெரிதுதான். ஆனால் வெடிமருந்தோ காற்றுத் தொட்டியோ இல்லாமல், ஒரு பாரம் கீழே விழும் வலிமையை மட்டும் வைத்து அரை மைலுக்கு மேல் எறிந்ததையே நான் பெரிதாகச் சொல்வேன்.

உணவுப் பொருளை இப்படி வீணாக்கலாமா என்று கேட்பீர்கள். ஹாலோவீனுக்கு முகம் செதுக்குவதற்கென்று பயிராக்கும் ரகங்களில் சதை குறைவு, நீர் அதிகம், ருசி கிடையாது. கறிக்கு ஆகாது. தவிர, ஆயுத பூஜையன்று நடுரோட்டில் பூசணி உடைத்து, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரை வழுக்கி விழ வைக்கிற ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்பப் பேச முடியாது.

சரி, வீட்டில் செய்வது எப்படி? கடையில் விற்கும் ரப்பர் குழாயையோ பங்ஜி கயிற்றையோ இழுத்துக் கட்டி, கரண்டி போன்ற ஒரு கையை விடுவிப்பது ஒரு வழி. பார்க்க எளிது. பள்ளிக்கு இது வேண்டாம் என்பதே என் கட்சி. ரப்பர் வெயிலில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி இழுக்கும். நாள் முழுக்க இழுத்தால் தளர்ந்துபோகும். அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐஸ் குச்சியையும் ரப்பர் வளையத்தையும் வைத்து வகுப்பறையில் மிட்டாய்ப் பூசணி எறிவதோடு அந்த வகை நின்றுகொள்ளட்டும்.

மைதானத்துக்கு ஏற்றது ட்ரெபுஷே. யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் துலாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குட்டையான முனையில் பாரம், நீண்ட முனையில் வாளி. பாரம் இறங்க வாளி ஏறும். ட்ரெபுஷேயில் பாரம் பல மடங்கு அதிகம் என்பதால், நீண்ட முனை ஏறுவதற்குப் பதிலாகச் சீறுகிறது. அந்த முனையில் கயிற்றால் ஆன கவண் ஒன்றும் தொங்குவதால், எறிபொருள் கோலை விடவும் வேகமாகச் சுழன்று பறக்கிறது.

கோட்டை மதிலை உடைக்க இடைக்கால ஐரோப்பியர்களும் அரபுப் பொறியாளர்களும் பயன்படுத்திய கருவி இது. 1273இல் சீனாவின் சியாங்யாங் நகரம் குப்லாய் கானிடம் வீழ்ந்ததில், மேற்கிலிருந்து வரவழைக்கப்பட்ட முஸ்லிம் பொறியாளர்கள் கட்டிய ட்ரெபுஷேக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்குப் பிடித்த கதை 1304இல் ஸ்காட்லாந்தில் நடந்தது. ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், 'வார்வுல்ஃப்' என்ற ராட்சத ட்ரெபுஷேயைக் கட்டச் சொன்னார். ஐந்து தலைமைத் தச்சர்களும் ஐம்பது ஆட்களும் பாடுபட்டார்கள். கட்டி முடிக்கும் சமயத்தில் கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய முன்வந்தார்கள். அரசர் ஒத்துக்கொள்ளவில்லை. 'முதலில் உள்ளே போங்கள், இதை எறிந்து பார்த்துவிட்டு வருகிறேன்' என்கிற கதைதான். எறிந்து பார்த்துவிட்டுத்தான் சரணாகதியை ஏற்றார். கார் கொட்டகையில் இரவு பதினொரு மணிக்கு மரம் அறுத்துக்கொண்டிருக்கும் அப்பாவைப் போய் யாராவது 'விழா ரத்தாகிவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள், அதே முகம்தான்.

அளவுகளுக்கு வருவோம். மரக்கடையில் 'டூ பை ஃபோர்' என்று கேட்டால் கிடைக்கும் சட்டம் போதும். பெயரில்தான் 2க்கு 4 அங்குலம். கையில் வருவது 1½க்கு 3½. புதிதாகச் செய்பவர்கள் இதைக் கவனிக்காமல் துளையிடும் கணக்கைத் தப்பாகப் போட்டுவிடுவார்கள். எறிகோல் 5 அடி. அச்சிலிருந்து பாரம் தொங்கும் பக்கம் 1 அடி, எறியும் பக்கம் 4 அடி. இந்த ஒன்றுக்கு நான்கு விகிதம் நன்றாக வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஏணி மாதிரி முக்கோணச் சட்டம் நிறுத்தி, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் முக்கால் அங்குல இரும்புக் குழாயை அச்சாகச் செருகினால் உடம்பு தயார். சட்டங்களுக்கு இடையில் வாளி உரசாமல் போய்வர இடம் விட வேண்டும். சக்கரம் வைத்தால் தூரம் கூடும் என்பது உண்மை. பாரம் விழும்போது வண்டி முன்னும் பின்னும் நகர்ந்து, பாரத்தை நேராக விழ விடும். ஆனால் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் தானாக நகரும் எதுவும் வேண்டாம். நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டிவிடுவதே நல்லது.

பாரத்துக்கு 5 காலன் பெயின்ட் வாளி. உலர்ந்த மணலை நிரப்பினால் கிட்டத்தட்ட 30 கிலோ வரும். வாளியை ஆணியடித்து இறுக்காமல், கோலின் முனையில் ஒரு போல்ட்டில் தொங்கவிட வேண்டும். தொங்கும் வாளி நேராக விழுகிறது, சட்டத்துக்கு அதிர்ச்சியும் குறைகிறது.

இதுவரை தச்சு வேலை. மரம் அறுக்கத் தெரிந்த யாரும் செய்துவிடுவார்கள். இனிமேல்தான் விஷயமே. எறிகோலின் நுனியில், தலையை வெட்டிய ஒரு நீள ஆணி முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கவணுக்கு இரண்டு கயிறு. ஒன்று கோலில் நிரந்தரமாகக் கட்டியிருக்கும். இன்னொன்றின் நுனியில் ஒரு கம்பி வளையம். அதை அந்த ஆணியில் சும்மா மாட்டிவைப்பதோடு சரி. கோல் சுழலும்போது கவண் அதைவிட வேகமாகச் சுழன்று முன்னுக்கு வரும். ஒரு கட்டத்தில் வளையம் ஆணியிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும். கவண் திறக்கும், பூசணி கிளம்பும்.

அந்த ஆணி எந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறதோ, அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நேராக இருந்தால் வளையம் சீக்கிரம் கழன்றுவிடும். பூசணி உச்சந்தலைக்கு மேலே செங்குத்தாகப் போகும், சில நேரம் பின்பக்கமே விழும். முன்பக்கம் அதிகமாக வளைத்துவிட்டால் வளையம் விடாப்பிடியாக இருந்து, பூசணியைப் பத்தடி தள்ளித் தரையில் அறையும். இரண்டுக்கும் நடுவில் இடுக்கியால் துளித் துளியாக வளைத்துக்கொண்டே வர வேண்டும். ஆணியில் துருவோ பிசிறோ இருந்தால் ஒரே கோணத்தில் இரண்டு எறிதல் இரண்டு மாதிரி போகும். உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துவிட வேண்டும். பக்கவாட்டில் நின்று ஒருவர் போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தால், பூசணி கிளம்பும் கோணம் துல்லியமாகத் தெரியும். 45 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே கிளம்பினால் சரி. இரும்புக் கம்பியும் இடுக்கியும் ஒரு போனும் இருந்தால், நாலாம் வகுப்புப் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். வாளியைத் தூக்குவது அப்பா வேலை, ஆணியை வளைப்பது பிள்ளை வேலை என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் கருவியும் நன்றாக வரும், பிள்ளைக்கும் ஏதாவது விளங்கும்.

அடுத்த சிக்கல் விநோதமானது. எல்லோரும் எப்படித் தூரத்தைக் கூட்டுவது என்று யோசிப்பார்கள். பள்ளி மைதானத்தில் குறைப்பதுதான் பாடு. கணக்கு இப்படி: பாரம் எறிபொருளைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பாரம் விழும் உயரத்தால் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கினால் சக்தி துளியும் வீணாகாதபோது போகக்கூடிய அதிகபட்சத் தூரம் கிடைக்கும். 30 கிலோ மணல், 300 கிராம் குட்டிப் பூசணி, 100 மடங்கு. வாளி விழுவது சுமார் அரை மீட்டர். ஆக 100 மீட்டர். கோலின் எடையும் உராய்வும் பாதியைத் தின்றாலும் 50 மீட்டர் மிச்சம். கூடைப்பந்து மைதானத்தின் நீளமே 28 மீட்டர்தான்! வாகன நிறுத்தத்தில் யாருடைய டெஸ்லாவின் கண்ணாடியிலோ போய் விழும்.

அதனால் விழாவன்று மணலைப் பாதியாக்கி, பூசணியையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். குட்டிப் பூசணிகள் ஒன்று போல் ஒன்று எடை இருக்காது. எடை மாறினால் விழும் இடம் மாறும். பாதி அமெரிக்க வீடுகளின் கொல்லையில் 'கார்ன்ஹோல்' விளையாட்டுக்கான துணிப் பைகள் கிடக்கும். ஒவ்வொன்றும் சுமார் 450 கிராம். விழுந்த இடத்தில் உருளாமல் கிடக்கும். 15 கிலோ மணலுக்கு இது 16, 17 மீட்டர் போகும். அந்தத் தூரத்தில் அட்டைப்பெட்டியால் ஒரு கோட்டை கட்டிவையுங்கள். எத்தனை தூரம் போனது என்று பார்க்கும் கூட்டம் இரண்டு எறிதலில் கலைந்துவிடும். கோட்டையின் கோபுரம் எப்போது சாயும் என்று பார்க்கும் கூட்டம் நகரவே நகராது. பூசணியைக் கடைசி ஒரே எறிதலுக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: கோலை இறக்கி, கவணை மடித்து, கோலைப் பிடித்துவைக்கும் கொண்டியை மாட்ட ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். வரிசை நீளும், பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு ஆள் வேண்டும்.

ஆபத்து விளையாட்டல்ல. 2016இல் டெலவேர் போட்டியில் ஒரு காற்றுப் பீரங்கி சுட்டபோது அதன் இரும்புப் பாகம் பிய்த்துக்கொண்டு பறந்து, ஒரு பெண் படுகாயமடைந்தார். வழக்கு வந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகள் போட்டி நடக்கவில்லை. 2019இல் இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு இடம் மாறித்தான் திரும்ப நடந்தது. வாளி மணல் கருவி அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும், கொண்டி மாட்டி நிற்கும் ட்ரெபுஷே என்பது விழக் காத்துத் தொங்கும் 15 கிலோ. முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் கயிறு கட்டி, அதற்கு அப்பால்தான் கூட்டம். பின்னால் ஏன் என்றால், சீக்கிரம் கழலும் வளையம் பின்பக்கம்தான் எறியும். கொண்டியை இழுக்கும் கயிறு 15 அடிக்குக் குறையக் கூடாது. எறிய வரும் பிள்ளை அந்தக் கயிற்றின் நுனியை மட்டும் பிடிக்கட்டும். பையை வைப்பது பெரியவர் கை.

பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கும் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. செப்டம்பரிலேயே பள்ளி முதல்வரிடம் வரைபடத்தோடு போய் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். விழாவுக்கு முந்தைய வாரம் 'காப்பீடு இடம் கொடுக்காது' என்று பதில் வந்தால், அத்தனை மரமும் கொட்டகையில்தான் கிடக்கும். மணலை வீட்டிலேயே நிரப்பிக் காரில் ஏற்றாதீர்கள். காலி வாளியைக் கொண்டுபோய் மைதானத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். இடுக்கி ஒன்றையும் மறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் எங்காவது இடித்து ஆணி கண்டிப்பாக வளைந்திருக்கும்.