மார்கழிப் பனி... வாயில்லா ஜீவன்களுக்கும் குளிரும்!

மார்கழி பிறந்துவிட்டால் கோவையில் அதிகாலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடும். வால்பாறைப் பக்கம் இன்னும் குறையும். நாம் ஸ்வெட்டர், கம்பளி என்று சமாளித்துவிடுகிறோம். போர்ட்டிகோவில் கட்டிக்கிடக்கும் நாய் என்ன செய்யும்?

'அதுக்குத்தான் உடம்பெல்லாம் முடி இருக்கே' என்று நினைக்க வேண்டாம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நம் நாட்டு நாய்கள் ஒல்லியானவை, முடியும் குட்டை. வெயிலைத் தாங்கும் உடம்பு, பனியில் நடுங்கும். பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளால் உடல் சூட்டைத் தாங்களாகக் காத்துக்கொள்ள முடியாது. வயதான நாய்களுக்கு மூட்டுவலி கூடும்.

தரையைக் கவனியுங்கள்

டைல்ஸும் சிமென்ட் தரையும் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். மரப்பலகை போட்டு, அதன்மேல் மடித்த சாக்கோ பழைய போர்வையோ விரியுங்கள். பனியில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். படுக்கும் இடம் காற்று வீசும் திசைக்கு மறைவாக இருக்கட்டும். குளிக்க வைப்பதென்றால் உச்சி வெயில் நேரத்தில், வெதுவெதுப்பான நீரில். ஈரம் போகத் துவட்டுவது முக்கியம்.

மாத்திரை வேண்டவே வேண்டாம்

நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்முடையதோ சுமார் 98.6. அதனால் நாயைத் தொட்டால் எப்போதும் சுடுவதுபோலத்தான் இருக்கும். அதைக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பது பேராபத்து. பூனையின் உடலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும். கற்பூரம், தைலம் தடவுவதும் கூடாது, நக்கினால் விஷம்.

மூக்கிலும் கண்ணிலும் சளி வடிந்தால், 'பனிக்குச் சளி பிடிச்சிருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி போடாத குட்டிகளைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயும் இப்படித்தான் தொடங்கும். குட்டிக்கு 6 முதல் 8 வாரம் ஆனதும் தடுப்பூசியைத் தொடங்கிவிடுவது நல்லது.

பூனை, பறவை வளர்ப்போருக்கு...

சூடு தேடி பூனைகள் கார் இன்ஜினுக்குள் புகுந்து தூங்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். பறவைக் கூண்டை இரவில் துணியால் மூடுங்கள். காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். சாம்பிராணி, கொசுவத்திப் புகை கூண்டுப் பக்கம் போகவே கூடாது. கோழிக்குஞ்சுகளுக்கு பல்பு போட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி நின்றால் சூடு போதவில்லை. பல்பை விட்டு விலகி ஓடினால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

உடல் நடுங்கி, காது சில்லிட்டு, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் உலர்ந்த துணியில் சுற்றி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால், சின்னக் குட்டிகள் விடியும்வரை தாங்காமல் போகலாம்.