மலையேறிய படங்கள் – 7: மஞ்சள் ஃபோர்டும் கதவில்லாத லேண்ட் ரோவரும்

சென்ற வாரம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களைப் பற்றி எழுதியிருந்தேன். எம்.ஜி.ஆர்., சிவாஜி சரி, இங்கிலீஷ் படம் ஒன்றுகூடவா கேமரன் மலைக்கு வரவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வந்தது. திடலுக்கு அல்ல, எண்பதுகளில் வீடியோ கேசட்டாக வந்தது. அப்படிப் பார்த்த ஒரு படத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். பெயர் 'அமெரிக்கன் கிராஃபிட்டி'. 1973-இல் ஜார்ஜ் லூக்காஸ் எடுத்தது. மலையில் இருக்கும் நம் கோலா தெர்லாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பழைய வண்டிதான் சம்பந்தம்.

படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1962-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்னும் ஊர், கோடை விடுமுறையின் கடைசி இரவு. பள்ளி முடித்த இரண்டு பையன்கள் விடிந்தால் கல்லூரிக்காக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒருவனுக்குப் போக மனமில்லை. ராத்திரி முழுக்கக் கார்கள் ஒரே தெருவில் மேலும் கீழும் போய்வருகின்றன. எங்கேயும் போய்ச் சேருவதற்கு அல்ல. பக்கத்துக் காரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு, சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சினை உறுமவிட்டு எதிராளியைச் சீண்டுவதற்கு. எல்லாக் காரிலும் ஒரே வானொலி நிலையம் பாடுகிறது. உல்ஃப்மேன் ஜாக் என்கிற அறிவிப்பாளர் பேசிக்கொண்டும் ஊளையிட்டுக்கொண்டும் பாட்டுப் போடுகிறார். நாற்பதுக்கு மேல் பாட்டுகள். நம் லயங்களில் எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே தமிழ் ஒலிபரப்பைப் பாடியதை நினைத்துக்கொண்டால் போதும், அந்தத் தெரு எப்படி ஒலித்திருக்கும் என்பது புரிந்துவிடும்.

அந்தத் தெருவின் ராஜா ஜான் மில்னர். வயது இருபத்திரண்டு. கூட்டாளிகள் வளர்ந்து போய்க்கொண்டிருக்க, இவன் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவன் வண்டி 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு. மஞ்சள் நிறம், எண் டிஎச்எக்ஸ் 138. அவனைத் தோற்கடிக்க வெளியூரிலிருந்து ஒருவன் கறுப்பு ஷெவர்லேயில் வருகிறான். அப்போது யாருக்கும் தெரியாத நடிகர் ஹாரிசன் ஃபோர்டுதான் அவன். விடியற்காலையில் ஊருக்கு வெளியே பந்தயம் நடக்கிறது. கறுப்பு வண்டி சாலையைவிட்டு உருண்டு எரிகிறது. மில்னர் ஜெயித்துவிட்டதாக எல்லோரும் கொண்டாடுகிறார்கள். தான் தோற்றுக்கொண்டிருந்தது அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

லூக்காஸ் பிறந்து வளர்ந்த ஊர் மொடெஸ்டோ. அவரும் அப்படி வண்டியில் திரிந்தவர்தான். 1962 ஜூன் 12-ஆம் தேதி, பள்ளிப் படிப்பு முடிய சில நாட்களே இருந்தபோது, அவருடைய சின்ன பியாங்கினா கார் இன்னொரு காரோடு மோதி உருண்டு ஒரு வால்நட் மரத்தில் போய் நின்றது. இருக்கை வார் அறுந்து வெளியே தூக்கியெறியப்பட்டதால்தான் உயிர் பிழைத்தார். பிறகு கார்ப் பந்தய ஆசையை விட்டுச் சினிமா பக்கம் போனார். படத்தை மொடெஸ்டோவில் எடுக்கவில்லை. சான் ரஃபேல் என்ற ஊரில் தொடங்கினார்கள். அங்கே ஆட்சேபம் எழுந்ததால் பெட்டாலுமாவுக்குப் போனார்கள். 1972 கோடையில் சுமார் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாகப் படப்பிடிப்பு. செலவு எட்டு லட்சம் டாலருக்கும் குறைவு. தயாரிப்பாளராக நின்றவர் 'காட்ஃபாதர்' எடுத்த கொப்போலா. யூனிவர்சல் நிறுவனத்துக்குப் படத்தின்மேல் நம்பிக்கை இருக்கவில்லை. வசூல் பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. 'ஸ்டார் வார்ஸ்' எடுக்கும் தெம்பு லூக்காஸுக்கு இந்தப் பணத்திலிருந்தும் பெயரிலிருந்தும்தான் வந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1973-இல் வந்த படம், 1962-ஐ நினைத்து ஏங்குகிறது. இடைவெளி வெறும் பதினொரு ஆண்டு. நமக்குப் பதினொரு ஆண்டு என்பது நேற்று மாதிரி. அவர்களுக்கோ அதற்குள் கென்னடி கொலையும் வியட்நாம் போரும் வந்துவிட்டன. படம் முடிந்ததும் திரையில் நான்கு பையன்களின் பிற்காலத்தை வரிவரியாகப் போடுகிறார்கள். மில்னர் 1964-இல் குடிகாரன் ஒருவன் மோதிச் செத்தான். கூட்டாளி டெர்ரி 1965-இல் வியட்நாமில் காணாமல் போனான். ஒருவன் அதே ஊரில் காப்பீட்டு முகவர். போக மனமில்லாதிருந்தவன் கனடாவில் எழுத்தாளன். இரண்டு மணி நேரம் சிரிக்கவைத்துவிட்டுக் கடைசி அரை நிமிடத்தில் அடிக்கிறார் மனுஷன்.

நால்வரில் நம் பையன்களுக்கு நெருக்கமானவன் டெர்ரிதான். சோடாபுட்டிக் கண்ணாடி. சொந்தக் கார் கிடையாது, ஒரு வெஸ்பா ஸ்கூட்டர்தான். அதையும் ஒழுங்காக நிறுத்தத் தெரியாமல் சுவரில் கொண்டுபோய் முட்டுவான். கல்லூரிக்குப் போகிற நண்பன் தன் வெள்ளை இம்பாலாவை இவனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுக்கிறான். அந்தச் சாவி கையில் வந்தவுடன் டெர்ரி முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தவன் வண்டியில் ஒரு ராத்திரி ராஜாவாக இருந்தவன் அவன்.

இனி, அமெரிக்கக்காரன் 'ஹாட் ராட்' என்று சொல்லும் வண்டி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியன் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் வைத்த காரைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களுக்கு அந்தப் பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. வாங்கினார்கள். சக்கரத்தின் மேல் மூடியைக் கழற்றி எறிந்தார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தி ஒட்டவைத்தார்கள். எஞ்சின் போதாவிட்டால் வேறொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்தினார்கள். காசில்லாதவன் தன் கைவேலையால் வேகம் வாங்கிய கதை அது. கம்பெனி செய்து கொடுத்த உருவத்துக்கு அங்கே மரியாதை கிடையாது.

இப்போது மலைக்கு வருவோம். பிரிஞ்சாங்கைத் தாண்டி, கீ ஃபார்ம், திரிங்காப் என்று வடக்கே வந்தால் கோலா தெர்லா. அதற்கு அப்பால் கம்போங் ராஜா, புளூவேலி. சிம்பாங் பூலாய் சாலை திறக்கும்வரை தாப்பாவிலிருந்து ஏறிவரும் ஒற்றைச் சாலைதான் கேமரன் மலைக்கு வழி. ஆகவே கோலா தெர்லாக்காரர்களுக்குக் கீழுலகம் வெகுதூரம். பள்ளத்தாக்கு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். முட்டைக்கோஸ், தக்காளி, பூச்செடி. சரிவுகளில் தேயிலை. சாலையோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கதவில்லாத, கூரையில்லாத, என்ன நிறமென்று சொல்ல முடியாத லேண்ட் ரோவர்கள் பின்னால் கூடை கூடையாகக் காய்கறி ஏற்றிக்கொண்டு முக்கிக்கொண்டு ஏறும். மலேசியாவில் பழைய லேண்ட் ரோவர் நிறைந்த ஊர் எது என்று கேட்டால் கேமரன் மலை என்று யாரும் சொல்வார்கள். முகப்பு விளக்குகள் கம்பிவலைக்குப் பக்கத்தில் நடுவில் நெருங்கி இருந்தால் அது அறுபதுகளின் கடைசிக்கு முந்திய வண்டி. இரண்டு ஓரங்களுக்கும் விளக்கு தள்ளிப்போயிருந்தால் அதற்குப் பிந்தியது.

லேண்ட் ரோவரின் பிறப்பும் பஞ்சத்தில்தான். ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் 1947-இல் வேல்ஸ் கடற்கரை மணலில் இதன் வடிவத்தைக் கோடு கிழித்துக் காட்டியதாகச் சொல்வார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ராணுவத்தில் மிஞ்சிக்கிடந்த பச்சைச் சாயத்தைப் பூசினார்கள். பஞ்சத்துக்குச் செய்த அந்த ஏற்பாடு, வருஷம் முழுக்க மழையும் பனிமூட்டமும் உள்ள நம் மலைக்கு வரமாகிவிட்டது. அலுமினியம் எஃகு மாதிரி துருப்பிடித்து உதிராது. அடிச்சட்டம் மட்டும் எஃகு. அது துருப்பிடித்தால் வெல்டிங் போட்டு ஒட்டுவார்கள், அல்லது புதிதாகவே அடித்து மாட்டுவார்கள். 1948-இலிருந்து 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் ராணுவமும் போலீசும் இந்த வண்டிகளிலும் காட்டோரம் சுற்றின. பின்னர் படையினர் கழித்துவிட்ட வண்டிகள் தோட்டக்காரர்கள் கைக்கு வந்தன என்பது மலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

வந்த வண்டி வந்தபடி இருக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சினை மாட்டினார்கள். கூரையும் கதவும் கூடை ஏற்ற இடைஞ்சல் என்று எடுத்துவிட்டார்கள். பின்தட்டை நீட்டினார்கள். பம்பருக்குப் பதில் இரும்புக் குழாய். அமெரிக்கப் பையன்கள் ஃபோர்டுக்குச் செய்த அத்தனை வேலையையும் நம் மெக்கானிக்குகள் லேண்ட் ரோவருக்குச் செய்தார்கள். அவர்கள் வேகத்துக்குச் செய்தார்கள், இவர்கள் சுமைக்குச் செய்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். கேமரன் மலையின் ஹாட் ராட் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஏறும்.

அப்படியென்றால் இங்கே மில்னர் யார்? தோட்டத்து டிரைவர்தான், சந்தேகமே வேண்டாம். வண்டி தோட்டத்துடையது. சாவி ஆபீசில் கிராணி மேசைக்குப் பக்கத்தில் தொங்கும். ஆனால் ஓட்டுவது அவர். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் கொழுந்துக் கூடையோடு ஆட்களை மேட்டுக்கு ஏற்றிப் போவதும், ராத்திரி பிரசவ வலி கண்டவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், தீபாவளிக்கு முதல்நாள் ஜவுளி மூட்டையோடு லயத்துக்கு வந்து சேருவதும் அவர் கையில். தலையில் பிரில்கிரீம், சட்டைப்பையில் சீப்பு. "அண்ணே, பெக்கான் வரைக்கும் ஏத்திக்குங்கண்ணே" என்று பள்ளிக்கூடப் பையனும் கெஞ்சுவான், தண்டலும் கெஞ்சுவார். அதே தெருவில் மேலும் கீழும் வீணாய்ச் சுற்றும் பேச்சுக்கே இடமில்லை. டீசலுக்குக் கணக்கு உண்டு, கொண்டை ஊசி வளைவும் இருட்டும் மூடுபனியும் உண்டு. நம் பையன்களின் இடம் பின்தட்டு. கால்களை வெளியே தொங்கவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி கியர் மாற்றும்போது எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, அந்தச் சாக்கில் யாரோ யாரையோ பார்த்து. டெர்ரிக்காவது ஒரு ராத்திரிக்குச் சாவி கிடைத்தது.

சொந்தச் சாவி பிறகு மோட்டார் சைக்கிளோடு வந்தது. ஹோண்டா கப்சாய், எண்பதுகளின் நடுவிலிருந்து யமஹா ஆர்எக்ஸ்இசட். மலாய்ச் சினிமா அந்தப் பையன்களை வைத்து 2006-இல் 'ரெம்பிட்' போன்ற படங்களை எடுத்தது. அவற்றில் வேகமும் அடிதடியும் உண்டு, கடைசியில் புத்திமதியும் உண்டு. லூக்காஸ் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் படம் நிற்கிறது என்பது என் எண்ணம்.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய படம் 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. கலர், கடற்கரை, கார், வாலிபம், சிரிப்பு எல்லாம் உண்டு. வேலையைவிட்டுத் துரத்தப்பட்ட எஸ்டேட் ஊழியர் ரவிச்சந்திரன் முதலாளி பாலையாவின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போடுவார். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் கதை எஸ்டேட் முதலாளி வீட்டைச் சுற்றியே நடக்கிறது. மலைக்கு மேலே கூடை சுமப்பவர்களுக்கும் அவர்களை ஏற்றிப்போகும் டிரைவருக்கும் அதில் வேலையில்லை.

இப்போது ஏக்கம் வேறு திசையிலிருந்து வருகிறது. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஆட்கள் மலையேறி வந்து பழைய லேண்ட் ரோவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஜப்பான் எஞ்சினைக் கழற்றிவிட்டு அசல் எஞ்சின், அசல் கதவு, அசல் பச்சைச் சாயம் எல்லாம் தேடிப் பொருத்துகிறார்கள். நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் மலையில் மாற்றியமைத்த வண்டியைப் பார்த்தால் "கெடுத்து வச்சிருக்கான்" என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மில்னரின் மஞ்சள் ஃபோர்டைப் பாருங்கள். படம் எடுத்து முடித்ததும் அதை விற்கப் பார்த்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. இன்று அதை நேரில் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. சக்கரத்துக்குப் பழைய மூடியைத் திரும்ப மாட்டி, அறுத்த கூரையை உயர்த்தி, 1932-இல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆக்கவேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அப்படிச் செய்தால் அது இன்னொரு பழைய ஃபோர்டு ஆகிவிடும், மில்னரின் வண்டியாக இருக்காது. கோலா தெர்லாவில் வெல்டிங் தழும்போடு நிற்கும் வண்டியும் அப்படித்தான். இங்கிலாந்தில் செய்த லேண்ட் ரோவர் உலகம் முழுக்க இருக்கிறது. முட்டைக்கோஸுக்காகவும் கொழுந்துக்காகவும் மலையில் மறுபடி செய்த லேண்ட் ரோவர் இங்கே மட்டும்தான். இந்த மலையில் ஒரு அருங்காட்சியகம் வண்டி வைப்பதாக இருந்தால், சாயம் பூசிய வண்டியை அல்ல, இதைத்தான் வைக்க வேண்டும். கழுவக்கூட வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஆல்பங்களில் தோட்டத்து லேண்ட் ரோவர் முன்னால் நின்று எடுத்த படம் பல வீடுகளில் இருக்கும். கல்யாணத்துக்குப் போகும்போது எடுத்தது, கோயில் திருவிழாவில் எடுத்தது. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் எழுதியிருக்கும். வண்டி ஓட்டியவர் பெயரைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதோடு சேர்த்துப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். ஒரு பிரதி எடுத்து இந்தத் தொடருக்கும் அனுப்புங்கள்.