டனிக், கலிக், போலிக்: தேயிலை மலையில் மூன்று அமிலங்கள்

டிக்கோயாப் பக்கம் சாயத்தண்ணி கடுப்பாக ஊற்றினால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புக்கு டனிக் அமிலம்தான் காரணம் என்று பலரும் சொல்கிறோம். அது தவறு.

டனிக் அமிலம் மாசிக்காயில் கிடைப்பது. நடுவில் ஒரு குளுக்கோஸ், அதைச் சுற்றிப் பத்துக் கலிக் அமில மூலக்கூறுகள் என்று அதன் வாய்பாட்டை எழுதுவார்கள். மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 1,701. கலிக் அமிலம் தனியே 170 மட்டுந்தான். அதை 1786இல் பிரித்தெடுத்தவர் ஷீலே என்ற இரசாயனவியலாளர். சாயத்தண்ணியில் கலிக் அமிலம் கொஞ்சம் உண்டு. ஆனால் கொழுந்தில் மிகுந்திருப்பது கற்றெக்கின்கள் என்ற வேறொரு குடும்பம். அவற்றுக்கு நடுவில் குளுக்கோஸ் கிடையாது. சிலவற்றில் ஒரு கலிக் அமிலம் வால்போல ஒட்டியிருக்கும்.

குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. பெரிக் குளோரைட்டு விட்டால் மாசிக்காய்ச் சாறும் கறுக்கும், சாயத்தண்ணியும் கறுக்கும். அந்த ஒரு சோதனையை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் டனிக் அமிலம் குளுக்கோஸாகவும் கலிக் அமிலமாகவும் உடையும். கற்றெக்கினின் நடுக்கட்டு அப்படி உடையாது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைபட்டதும் நொதியமும் காற்றும் கற்றெக்கின்களைத் தியாபிளேவின், தியாருபிஜின் ஆக்குகின்றன. சாயத்துக்கு நிறம் கொடுப்பவை இவைதான். டனிக் அமிலத்திலிருந்து இவை பிறக்கமாட்டா.

போலிக் அமிலத்துக்கு டனிக், கலிக் அமிலங்கள் இரண்டோடும் எந்த உறவும் இல்லை. ஓசை மட்டுமே ஒன்று. அது நைதரசன் கொண்ட ஒரு விற்றமின். பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை லூசி வில்ஸ் என்ற மருத்துவர் 1928 முதல் ஆராய்ந்தார். நம் கடைகளில் விற்கும் மாமைற் என்ற மதுவச் சாறு அதைத் தீர்த்ததை 1931இல் எழுதினார். மாமைற்றில் இருந்த அந்தப் பொருளின் பெயர்தான் பிறகு போலிக் அமிலம் என்றானது.

கிளினிக்கில் தாய்மாருக்கு இரும்பு மாத்திரையோடு போலிக் அமில மாத்திரையும் தருகிறார்கள். இரும்பும் போலிக் அமிலமும் இரத்தம் ஊறத் துணைசெய்கின்றன. சாயத்தின் துவர்ப்புப் பொருள்களோ குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. தாய்மாரே, இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தண்ணீரோடு குடியுங்கள், சோற்றுக்கும் மாத்திரைக்கும் பிறகு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.