14 வயதின் கணக்கு

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் 27 பாடங்கள். வரலாறு 10, புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5. வரலாற்றின் பங்கு 37 விழுக்காடு. அதிலும் 4 பாடங்கள் இரு உலகப் போர்களையும் அவற்றையொட்டிய காலத்தையும் பற்றியவை, தமிழ்நாட்டுக்கென்று 3. திருப்பூர் முக்கியமாக இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது: விடுதலைப் போராட்டத்தில் குமரன் 1932 ஜனவரியில் உயிர்விட்ட ஊராக வரலாற்றில், பின்னலாடைத் தொழில் தொகுப்பாகப் பொருளியலில்.

திருப்பூரின் பழைய நகராட்சி எல்லைக்குள் 2001இல் 3,44,543 பேர். 2011இல் 4,44,352 பேர். பத்தாண்டு வளர்ச்சி 29 விழுக்காடு. மாநிலத்தின் வளர்ச்சி 15.6 விழுக்காடுதான். இடைவெளியின் பெரும்பகுதி பிழைப்புக்கு வந்தவர்கள் என்று கொள்ளலாம். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

இவர்களுக்கு மிக நெருங்கிய பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது: தொழிற்புரட்சி. அங்கே வரலாற்றுப் பாடங்கள் 11. இது அவற்றில் 1. படிக்கும் மாணவரின் வயது ஏறத்தாழ 14. பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குட்பட்டோரைப் பஞ்சாலைகளில் சேர்க்கக்கூடாது என்றது. 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 12 மணி நேரம் உச்சவரம்பு. 48 ஆண்டு கழித்து, 1881இல், பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் வைத்த வரம்பு 7 வயது. 7 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 மணி நேரம். குறைந்தபட்ச வயது 1891இல் 9, 1922இல் 12, 1948இல் 14. அதாவது 67 ஆண்டுகளில் 7 வயது. ஒரு வயது உயரச் சராசரியாக 9.6 ஆண்டு. 1948 முதல் 2016 வரையிலான 68 ஆண்டுகளில் தொழிற்சாலைக்கான வயது உயர்ந்தது 0. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரைக் கூலிக்கு வைப்பதை ஏறத்தாழ எல்லாத் தொழிலிலும் தடுத்தது. 14 முதல் 18 வரையினருக்கு அபாயத் தொழில்களில் மட்டுமே தடை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயதுவரைதான். இரு காப்புகளும் விலகும் வயதில்தான் இந்தப் பாடம் கைக்கு வருகிறது.

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் 12 மணி நேரம். பவர் டேபிள் தையலிலிருந்தோ துணி செக்கிங்கிலிருந்தோ இரவில் திரும்பும் அம்மாவின் வாயில் அன்றாடம் புழங்கும் சொல். 1833இல் பதின்பருவத்தினருக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பும் 12 மணி நேரம்தான். வயதும் கூலியும் இன்று வேறு. மணிக்கணக்கை மட்டும் ஒப்பிடலாம். ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுத 5 நிமிடம் போதும்.

ஆனால் அடுத்த ஆண்டு எழுதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இத்தகைய ஒப்பீட்டுக்கு இடமில்லை. சமூக அறிவியல் வினாத்தாள் 14 + 20 + 50 + 16 = 100, முழுக்க எழுத்துத் தேர்வு. அறிவியலில் எழுத்து 75, செய்முறை 25. சமூக அறிவியலில் செய்முறைக்கு 0. அறிவியலின் 25இல் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 10 மதிப்பெண், சமூக அறிவியலுக்கும் கிடைத்தால், மூன்று தலைமுறையின் வேலை நேரத்தையும் கூலியையும் வீட்டில் கேட்டு எழுதும் ஒரு பயிற்சிக்கு அது தாராளம்.