மலைநாட்டு மழைமானியும் அதன் மின்சுற்றும்

தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய மலைவட்டங்களில் மழையின் அளவை அறிதல் பயிர்த்தொழிலுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் தேதி இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு மண்ணில் புதையுண்டது. மாண்டவர் 70 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான்.

அதே மூணாற்றில், 2005 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிலச்சரிவுக்கு உள்ளான அந்தோணியார் காலனியின் சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் கம்பியில்லா உணர்கருவி வலையமைப்பு ஒன்றை நிறுவியுள்ளனர். மண்ணின் ஈரம், மண்துளைகளில் உள்ள நீரின் அழுத்தம், சாய்வு, அதிர்வு, மழை ஆகியவற்றை அளக்கும் கருவிகள் அங்கு நிலத்துள் இறக்கப்பட்டன. 2009 ஆம் ஆண்டு ஜூலையில் பெருமழையின்போது இவ்வமைப்பு தந்த அளவுகளைக் கொண்டே எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இத்தகைய அமைப்பை எல்லாச் சரிவுகளிலும் நிறுவுதல் இயலாது. ஆயினும் மழைமானி ஒன்றைப் பள்ளியிலேயே செய்துகொள்ளலாம். கேரள அரசு 2022 ஆம் ஆண்டு இறுதி முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அர்டுவினோ பலகை கொண்ட பயிற்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியதிலிருந்து, இம்முயற்சிக்கு வேண்டிய பொருள்கள் பல பள்ளிகளில் உள்ளன. கருவியைச் செய்து முடிப்பது அரிதன்று. அது காட்டும் எண் மெய்யானதா என்று துணிவதே அரிது.

தானியங்கு மழைமானியில் புனலின் கீழ் இரு சிறு கிண்ணங்கள் துலாக்கோல்போல் அமைந்திருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்தவுடன் சாய்ந்து நீரைக் கொட்ட, மற்றொன்று அதனிடத்தைப் பெறும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு சிறு காந்தம் கண்ணாடிக் குழலுள் அடைபட்ட நாணல் சுவிட்சைக் கடந்து செல்லும். சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம் எனில், சாய்வுகளை எண்ணினாற் போதும்.

இங்கேதான் முதற் பிழை நுழைகிறது. சுவிட்சின் மெல்லிய உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொட்டவுடன் அமைதியுறுவதில்லை. துள்ளித் துள்ளிப் பலமுறை தொட்டு விலகுகின்றன. இத்துள்ளல் ஒரு மில்லி விநாடி அளவில் அடங்கிவிடும். நம் கண்ணுக்கு அது ஒரே தொடுகை. நுண்கணிப்பானுக்கோ அவை இரண்டு, மூன்று தனித்தனித் தொடுகைகள். 70 மில்லிமீட்டர் பெய்த நாளில் கருவி 140 என்று காட்டக்கூடும். இந்திய வானிலைத் துறையின் வகுப்பின்படி 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. ஆகவே, சுவிட்சின் துள்ளல் ஒரு நாளின் மழையை அடுத்த வகுப்புக்கே உயர்த்திவிடுகிறது. மிகைப்பட்ட எண்ணால் தீங்கில்லை என்று கருதுவோர் உண்டு. யான் அவ்வாறு கருதவில்லை. இருமுறை பொய்யாக எழுப்பப்பட்ட தோட்டத்து மக்கள் மூன்றாம் முறை எழுந்திருக்கமாட்டார்கள்.

துள்ளலைக் கண்ணால் காண அலைவுகாட்டி வேண்டும். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் 1976 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளில் இருப்பவை பள்ளியின் கைக்கெட்டாத விலையுடையவை. அக்குறையைத் தீர்க்கவே, புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் 'எக்ஸ்பைஸ்' என்னும் சிறு கருவி உருவாக்கப்பட்டது. இதனைக் கணிப்பொறியுடன் இணைத்தால் திரையே அலைவுகாட்டியாகிவிடும். மழைமானிக் கிண்ணத்தை விரலால் சாய்த்துச் சுவிட்சின் மின்னழுத்தத்தைத் திரையில் நோக்குக. 5 வோல்ட்டிலிருந்து சுழிக்கு இறங்கும் கோடு, நிலைபெறுமுன் சீப்பின் பற்களைப்போல் ஏறி இறங்குவதைக் காணலாம்.

பரிகாரம் இரண்டு. முதலாவது, ஒரு தொடுகையைக் கண்டபின் 200 மில்லி விநாடி வரை வேறு எதனையும் எண்ணாதிருக்குமாறு நிரலில் எழுதுதல். மணிக்கு 200 மில்லிமீட்டர் என்னும் கொடிய மழையிலும் சாய்வுகள் 3.6 விநாடிக்கு ஒன்றாகவே நிகழுமாதலால், இதனால் மழை ஏதும் தவறிப்போகாது. இரண்டாவது, 10,000 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் கொண்டு துள்ளலைச் சமன்செய்தல். மின்தேக்கிக்கும் சுவிட்சுக்கும் இடையே 1,000 ஓம் மின்தடையை மறவாது இணைத்தல் வேண்டும். இன்றேல் மின்னூட்டம் திடீரெனப் பாய்ந்து நாளடைவில் நாக்குகளை ஒட்டவைத்துவிடும்.

அடுத்தது ஈரம். சுற்றுப்பலகையில் பற்றுவைத்தபின் எஞ்சும் பசை, கோடை நாளில் சித்தூரில் தீங்கின்றிக் கிடக்கும். அதே பலகை ஆடி மாத மூடுபனியில் மலைமேல் இருந்தால், பசை ஈரத்தை ஈர்த்து, இரு செப்புத் தடங்களுக்கிடையே மின்னோட்டம் கசிய வழி செய்யும். அக்கசிவு 10 லட்சம் ஓம் என்று கொள்வோம். மின்கலத்தை மிச்சப்படுத்த எண்ணி 10 லட்சம் ஓம் ஏற்றுமின்தடையை இட்டிருந்தால், சுவிட்ச் திறந்திருக்கும்போதே 5 வோல்ட் 2.5 ஆகக் குறையும். மழையின்றியே எண்ணிக்கை ஏறலாம். 10,000 ஓம் இட்டிருந்தால் 4.95 வோல்ட் நிற்கும். சுவிட்ச் மூடியிருக்கும் கணங்களில் மட்டுமே இது அரை மில்லி ஆம்பியரைச் செலவிடுமாதலால் சிக்கனத்துக்கும் இழுக்கில்லை. பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே காப்புப்பூச்சு பூசுக. அழுக்கின்மேல் பூசிய பூச்சு ஈரத்தைச் சிறைப்படுத்தி வைக்கும்.

இக்குறையைச் சோதிக்கும்போது சோதனைக் கருவியே நம்மை ஏமாற்றுதலும் உண்டு. 10 லட்சம் ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக 5 வோல்ட்டில் இணைத்தால் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் இருத்தல் வேண்டும். 1 கோடி ஓம் உள்தடையுடைய எண்முறை மல்டிமீட்டர் அங்கே 2.38 காட்டும். 10 லட்சம் ஓம் உள்தடையுடைய எக்ஸ்பைஸ் உள்வாய் 1.67 காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உடைய பழைய முள்மீட்டர், 10 வோல்ட் அளவில், 0.71 மட்டுமே காட்டும். மூன்றும் பழுதற்ற கருவிகளே. ஒவ்வொன்றும் தான் தொட்ட சுற்றையே மாற்றிவிட்டது. மாணாக்கருக்கு இதனைச் செய்து காட்ட இரு மின்தடைகளும் ஒரு வகுப்பு நேரமும் போதும்.

இனி, பலகையின் வரைவில் நேரும் பெரும் பிழையைக் கூறவேண்டும். 'கிரவுண்ட்' என்பதனை நம் நூல்கள் 'தரை' என மொழிபெயர்க்கின்றன. அச்சொல்லைக் கையாள்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மாணாக்கரை வழிதவறச் செய்கிறது. எங்குமே மாறாத சுழி மின்னழுத்தம் ஒன்று காலடியில் இருப்பதாக அவர்கள் எண்ணுகின்றனர். பலகையில் இருப்பதோ ஒரு மெல்லிய செப்புக்கோடு. 35 மைக்ரோமீட்டர் தடிப்பும், அரை மில்லிமீட்டர் அகலமும், 10 சென்டிமீட்டர் நீளமும் உடைய தடத்தின் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம். மழையளவைச் செய்தியாக அனுப்பும் ஜி.எஸ்.எம். மோடம் துடிப்புத் துடிப்பாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். அத்தடத்தின் இரு முனைகளுக்கிடையே அப்போது 0.2 வோல்ட் தோன்றும்.

இது சிறிதென்று தோன்றலாம். நிலத்தின் அசைவை அளக்கும் திரிபுமானியுடன் ஒப்பிட்டு நோக்குக. 3 வோல்ட்டில் இயங்கும் கால்பாலச் சுற்று, பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு நீட்சிக்குத் தருவது 1.5 மில்லி வோல்ட்டே. 10 பிட் மாற்றியின் ஒரு படியோ 2.9 மில்லி வோல்ட். பெருக்கியின்றி அந்நீட்சி அதன் கண்ணிற் படவே படாது. அத்தகைய அளவுக்கு அருகில் 200 மில்லி வோல்ட் துடித்துக்கொண்டிருந்தால் மண் நகர்ந்ததா மோடம் பேசிற்றா என்று யார் கூறவல்லார்? மல்டிமீட்டரும் இங்கு உதவாது. ஒவ்வொரு துடிப்பும் 0.577 மில்லி விநாடியே நீடித்து எட்டில் ஒரு பங்கு நேரமே நிகழ்வதால், அது சராசரியாக 25 மில்லி வோல்ட் காட்டி அமைந்துவிடும். அலைவுகாட்டியே உண்மையைச் சொல்லும். மோடத்தின் மீள்தடத்தை அகலமாக்கித் தனியே மின்கலத்துக்குக் கொண்டுசெல்க. உணர்கருவியின் மீள்தடம் அதனுடன் மின்கல முனையில் மட்டுமே கூடட்டும். மோடத்தின் அருகே ஒரு பெரிய மின்தேக்கியும் வைத்தல் நலம்.

நீண்ட கம்பியில் மின்னல் தூண்டும் மின்னழுத்தத்தைப் பற்றி விரிவாகவே எழுதவேண்டும். இப்போதைக்குக் கம்பியைக் குறுக்கி, இடி முழங்கும்போது பெட்டியைத் தொடாதிருக்க.

பெட்டியை மூடுமுன் நீரைக் கொண்டு ஒரு சோதனை. புனலின் வாய் 20 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒரு சாய்வுக்கு 6.28 மில்லிலிட்டர் நீர். 628 மில்லிலிட்டரை அளந்து, அடியில் ஊசித்துளையிட்ட புட்டியிலிருந்து ஒரு மணி நேரம் சொட்டவிடுக. விரைந்து ஊற்றினால் கிண்ணம் சாயும் கணத்தில் நீர் வீணாகி எண்ணிக்கை குறையும். கருவி 100 காட்டவேண்டும். 97 எனின் கிண்ணத்தின் கீழுள்ள திருகைச் சரிசெய்க. 150 எனின் திருகைத் தொடாமல் சுவிட்சை அலைவுகாட்டியில் மீண்டும் நோக்குக. சோதித்த தேதியையும் எண்ணையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்து, ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழைக்கு முன், மறுபடியும் செய்தல் வேண்டும்.