ஓட்டுக்கு மேலே அணில்... அஸ்திவாரத்துக்குக் கீழே பெருச்சாளி!

கொடுமுடிப் பக்கம் வீடு என்றால் கொல்லையில் நாலு தென்னை, ஓரமாக ஒரு கொய்யா, கொஞ்ச தூரத்தில் மஞ்சளோ கரும்போ வாழையோ இருக்கும். காவிரியும் காலிங்கராயன் வாய்க்காலும் தருகிற செழிப்பு அது. அதில் பங்கு கேட்டு அணிலும் எலியும் வருகின்றன. வயலில் அறுவடை முடிந்தாலும், மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் எலிகள் அடுத்துத் தேடுவது பக்கத்து வீட்டைத்தான். பிறகென்ன... ஓட்டுக்கடியில் சரசரப்பு, ஏ.சி. பைப்பின் மேலுறை துண்டுதுண்டு, கொசுவலையில் ஓட்டை!

ஏன் கடிக்கின்றன?

எலி, அணில் இரண்டுக்குமே முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. அதனால்தான் தின்ன முடியாத ஒயர், பிளாஸ்டிக் குழாய், மரச்சட்டம் எல்லாவற்றிலும் பல்லை வைக்கின்றன. ஒயரின் மேலுறை போய்விட்டால் மின்கசிவு, தீ விபத்து வரை போகலாம் என்பதால் இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

வந்திருப்பது யார்?

பகலில் ஓட்டுமேல் ஓட்டம் கேட்டு, தேங்காய் நாரும் பஞ்சும் சிதறிக் கிடந்தால் அணில். இரவில் பரணில் சத்தம் கேட்டு, நீளமான கறுப்புப் புழுக்கை கிடந்தால் வீட்டு எலி. சுவரோரம் மண் குவியலும் பெரிய வளையும் தெரிந்தால் பெருச்சாளி. அஸ்திவாரத்தை ஒட்டி அது மண்ணைப் பறித்துக்கொண்டே போனால், மேலே போட்ட தளமும் காம்பவுண்ட் சுவரும் இறங்கிவிடும்.

வழியை அடையுங்கள்

சுண்டெலிக்கு அரை செ.மீ.க்குச் சற்று அதிகமான சந்து போதும். பெரிய எலிக்கு அரை அங்குலம். எனவே வீட்டைச் சுற்றி ஒருமுறை பொறுமையாக நடந்து பாருங்கள்.

* ஓட்டு வீட்டில் சுவரும் கூரையும் சேரும் இடத்து இடைவெளியில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை அடித்துவிடுங்கள். நைலான் வலை ஒரு வாரம்கூடத் தாங்காது.

* ஏ.சி. பைப், கேபிள் நுழையும் துளைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கமாகத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் பஞ்சும் ஃபோமும் எலிக்குப் பொருட்டே இல்லை.

* வாசல் கதவின் அடியில் தகரப் பட்டை, தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும் வலைமூடி அவசியம்.

* பெருச்சாளி வளையை மண்ணால் மூடினால் மறுநாளே திறந்துவிடும். ஜல்லி கலந்த கான்கிரீட் போட்டு அடையுங்கள். சுவரோரம் ஓரடி ஆழத்துக்கு இரும்பு வலையைப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டால் மறுபடி பறிக்காது.

* கூரையில் உரசும் கிளை, தென்னை மட்டைகளைக் கழித்துவிடுங்கள். கூரைக்கும் கிளைக்கும் குறைந்தது 6 அடி இடைவெளி இருக்கட்டும். தனியாக நிற்கும் தென்னையில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரத்தைச் சுற்றினால் ஏறுவது வழுக்கும். பக்கத்து மரத்தோடு மட்டை உரசிக்கொண்டு நின்றால் தகரம் சுற்றியும் பயனில்லை.

கூட்டில் குட்டி இருந்தால்?

அணில் சுமார் 34 நாள் சினை சுமந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகள் போடும். குட்டி உள்ளே இருக்கும்போது துளையை அடைத்தால் அவை செத்து நாறும். தாய் அணிலோ உள்ளே போக ஓட்டையே பெயர்த்துப் போடும். முதலில் துளையில் கசக்கிய செய்தித்தாளைச் செருகுங்கள். மூன்று நாள் அப்படியே இருந்தால் உள்ளே யாருமில்லை, அடைக்கலாம். தாள் வெளியே வந்துவிட்டால் குட்டிகள் ஓடத் தொடங்கும்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், பொறுத்துக்கொள்ளுங்கள். ராமர் தடவிக் கொடுத்த முதுகு என்று நம் வீடுகளில் அணிலை அடிப்பதில்லை. அந்த வழக்கம் அப்படியே இருக்கட்டும்.

விஷத்தைக் கையிலெடுக்காதீர்கள்!

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லைக்காக வீட்டுக்குள் மருந்து வைத்த பிறகு இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாஸ்பைடு வகை மருந்துகளில் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சுவாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. காற்று போகாத அறையில், அதுவும் ஏ.சி. போட்டுத் தூங்கும் அறையில், அது எமன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையும் கல்லீரலைச் சிதைத்துவிடும். விஷம் தின்ற எலியைத் தின்று வீட்டு நாயும், வயலைக் காக்கும் ஆந்தையும் சாவது தனிக் கதை. பசை அட்டை வைத்தால் எலியோடு அணிலும் பல்லியும் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

கூண்டுப் பொறியே நல்லது. தேங்காய்ச் சில்லைத் தீயில் லேசாக வாட்டிக் கட்டி, சுவரை ஒட்டி வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். அணில் மாட்டினால் திறந்து விட்டுவிடுங்கள்.

இரை இல்லாவிட்டால் எலி இல்லை

மாட்டுத் தீவனம், கோழித் தீனி, விதை மஞ்சள், நெல் மூட்டை எதையும் திறந்து வைக்காதீர்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். விறகும் தேங்காய் மட்டையும் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிய வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதால், புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்வாகக் கூட்டாமல் பிளீச்சிங் கரைசல் தெளித்து, கையுறை போட்டுத் துடையுங்கள். அந்தப் பக்கம் வேலை செய்த பிறகு கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், உடனே டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வலைச் சுருள், அரை மூட்டை சிமென்ட், நாலு கம்பி நார், ஒரு ஞாயிற்றுக்கிழமை... ஆடி மாதக் காற்றும் ஐப்பசி மழையும் வருவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட்டால், அணில் மரத்திலும் நீங்கள் வீட்டிலும் நிம்மதியாக இருக்கலாம்!