கிழங்கும் ஆளும் கீழே இறங்கும் பச்சைமலை

2024-ஆம் ஆண்டு பொறியியல் சேர்க்கை நேரத்தில், பச்சைமலையின் சின்ன இலுப்பூர் தமிழ்நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. அங்குள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. தேர்வில் தேறி, துவாக்குடியில் உள்ள திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படிக்க இடம் பெற்றார். கட்டணத்தை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. மனம் நிறைய வேண்டிய செய்திதான். ஆனால், அதே மலையில் பள்ளிப் படிப்பை முடித்த மற்ற பிள்ளைகளில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, கேரளத்துக்குக் கட்டட வேலைக்கோதான் போகிறார்கள். சொந்த நிலத்தில் பாடுபடத் தெரிந்த குடும்பங்கள் ஏன் ஊரைவிட்டு இறங்குகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மலையின் விவசாயத்தையும் நிலத்துக்கான ஆவணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருச்சியிலிருந்து துறையூர், சோபனபுரம் வழியாக மலைப்பாதையில் ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. நகரத்திலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ. கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை போலவே பச்சைமலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பெயரைக் கேட்டு மழைக்காடு என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி, கோடையில் இலையுதிர்த்து நிற்கும் காடு; அடிவாரத்தில் முட்புதர். மழை நன்றாகப் பெய்த ஆண்டில்தான் மங்கலம் அருவியும் கோரையாறு அருவியும் நிறைந்து விழும். இந்த வட்டாரத்துத் தாவரங்களை முறையாகச் சேகரித்துப் பதிந்தவர், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் தாவரக்காப்பகத்தைத் தொடங்கிய கே.எம். மேத்யூ அடிகளார். அவருடைய குழு உலர்த்தி ஒட்டிவைத்த செடிகளைத் தாவரவியல் மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். செடிகளுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையான கவனம், அவற்றின் நடுவே வாழும் மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அவர்களில் ஒருவர் வந்து சேர்ந்தது பச்சைமலை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. துறையூர்ப் பக்கம் வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு என்று மலையை நாடு நாடாகப் பிரித்து அழைக்கிறார்கள். ஊர் வழக்கைத் தீர்க்க ஊர்க் கவுண்டர் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் மலையாளிகளே பெரிய சமூகம்.

அரசு வரைபடத்தில் இந்த ஒரே மலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களுக்குள் கிடக்கிறது. துறையூர் வட்டத்துப் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் முசிறி கோட்டாட்சியர். ஓடையைத் தாண்டினால் கங்கவல்லி வட்டம், வேறு கோட்டாட்சியர், வேறு ஆட்சியர். மலைமேல் மாமன் மச்சான் உறவாக இருப்பவர்கள் அரசு அலுவலகத்துக்காக வெவ்வேறு திசைகளில் இறங்குகிறார்கள்.

இனி வயலுக்கு வருவோம். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் இன்று மரவள்ளிக் கிழங்குதான் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. முந்திரியும் உண்டு. நட்டு ஒன்பது, பத்து மாதம் காத்திருந்தால் மொத்தமாகப் பணம் பார்க்கலாம் என்பதுதான் மரவள்ளியின் கவர்ச்சி. கிழங்கு லாரியில் ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே விலையைத் தீர்மானிப்பது வெறும் எடை இல்லை, ‘பாயிண்ட்’. மாதிரிக்கு எடுத்த கிழங்கைக் காற்றில் ஒரு தடவை எடைபோட்டு, பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடைபோடுவார்கள். நீருக்குள்ளும் எடை நின்றால் மாவுச்சத்து அதிகம், பாயிண்ட் ஏறும். அளப்பது வாங்குகிறவர். கிழங்கைப் பிடுங்கிச் சில நாட்களுக்குள் அரைக்காவிட்டால் கெட்டுவிடும். அதனால் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதைத் தவிர விவசாயிக்கு வழியில்லை. ஜவ்வரிசியை விற்றுத்தர சேலத்தில் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதன் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். கிழங்கை விளைவிப்பவருக்கு அப்படி ஒரு பேரம் பேசும் இடம் இல்லை.

ஒற்றைப் பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதை மாவுப்பூச்சி காட்டியது. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட புதுவகை மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் வட்டாரத்துத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது. அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல அறிவியல் வேலை. என்றாலும், வீட்டுக்குச் சோறாகும் சாமை நிலத்தில் இருந்திருந்தால் பூச்சி விழுந்த ஆண்டில் அடுப்பாவது எரிந்திருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலத்தின் உரிமை. பட்டா உள்ளவர்கள் இருக்கிறார்கள். காப்புக்காட்டை ஒட்டித் தலைமுறைகளாக உழுதும் ஆவணம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆவணம் இல்லாத நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது. பயிர் போனால் இழப்பீட்டுக்கும் அலைய வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்காகவே வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் குடியிருந்து பயிரிடும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தரலாம் என்கிறது அது. தேன், புளி, கடுக்காய் போன்ற சிறுவன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையும், ஊர் முழுவதும் சேர்ந்து காட்டைப் பராமரிக்கும் சமூக உரிமையும் அதில் உண்டு.

தமிழ்நாட்டில் அது தாமதமாகத்தான் நடைமுறைக்கு வந்தது. தன் அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை பத்திரங்கள் கைக்கு வரவில்லை. எட்டு ஆண்டு என்பது ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டை முடித்துத் திருப்பூருக்குப் பேருந்து ஏறும் காலம். மற்றொரு குறையும் உண்டு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் பச்சைமலைக்குப் பொருந்தாது. மலை மக்கள் கையில் இருக்கும் ஒரே வலுவான சட்டம் வன உரிமைச் சட்டம்தான்.

அதைப் பயன்படுத்த வக்கீல் தேவையில்லை. ஊர் கூடி வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராம சபையில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பழைய வீட்டு அடையாளம், கல்லறை, கோயில், அரசுக் காகிதம் என ஏதேனும் இரண்டு சான்றுகள் போதும். ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் சான்றாகும் என்று விதியே சொல்கிறது. அங்கிருந்து மனு கோட்டக் குழுவுக்கும், பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும்.

வாக்குமூலம் சொல்லத் தெரிந்த பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஆகவே இது தள்ளிப்போடக் கூடிய வேலை இல்லை. திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆட்சியர்கள் மூவரும் டாப் செங்காட்டுப்பட்டியில் ஒன்றாக உட்கார்ந்து, குக்கிராமம் குக்கிராமமாகத் தனிநபர் மனுக்களையும் சமூக உரிமை மனுக்களையும் பெற ஒரு கால அட்டவணை அறிவிக்க வேண்டும். கிழங்கை மலையிலேயே அரைத்து மாவாக்கும் சிறு ஆலை ஒன்றைப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் தொடங்குவதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யலாம்.